பெட்டி போனாலும் பதிவு இருக்கட்டும்: சுவிட்ச் குழுக்களை ஓரிடத்திலிருந்து நடத்துவது

உங்கள் பொறுப்பில் நான்கைந்து சுவிட்ச்கள் மட்டுமே இருந்தால் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போகலாம். ஒவ்வொன்றாக உள்ளே நுழைந்து அமைத்துக்கொள்வதில் பெரிய நட்டம் இல்லை. பத்தைத் தாண்டியதும் நிலைமை மாறிவிடும். நாகர்கோவிலில் ஒரு கல்லூரி, தக்கலையில் ஒரு மருத்துவமனை, மார்த்தாண்டத்தில் மூன்று மாடி ஜவுளிக்கடையும் இரண்டு தெரு தள்ளி அதன் கிடங்கும் என்று எதை எடுத்தாலும் இன்று இருபது முப்பது சுவிட்ச் இருப்பது சாதாரணம். கேமராவுக்கு, வைஃபைக்கு என்று ஆண்டுதோறும் இரண்டு மூன்று கூடிக்கொண்டே போகும். வாங்கியவர் ஒருவர், மாட்டியவர் வேறொருவர், இன்றைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

பொதுவான கையேடுகள் மையக் கட்டுப்பாட்டை நேரத்தை மிச்சப்படுத்தும் வழியாகச் சொல்லும். அது உண்மைதான். குமரி மாவட்டத்தில் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் இங்கே பெய்கிறது. சித்திரை, வைகாசி மாலைகளிலும் ஐப்பசியிலும் இடி இறங்குகிறது. குளச்சல், முட்டம், கன்னியாகுமரிக் கரையோரங்களில் உப்புக்காற்று செம்பைத் தின்கிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தது. கடலுக்குப் போன மீனவர்களை இழந்த அந்தத் துயரத்தின் பக்கத்தில் கம்பியும் பெட்டியும் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் கரையில் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போனபோது, மருத்துவமனையும் வங்கியும் அரசு அலுவலகமும் மறுபடி எழுந்து நிற்க எவ்வளவு நேரம் ஆனது என்பது உயிரோடு சம்பந்தப்பட்ட கேள்வியாகவே இருந்தது. 2021 நவம்பர் மழை நாகர்கோவிலைச் சுற்றி ரயில் பாதையையே அரித்தது.

இங்கே சுவிட்ச் என்பது எந்த மழைக்காலத்திலும் போய்விடக்கூடிய பொருள். அப்படியிருக்க, அதன் கான்ஃபிக் அந்தப் பெட்டிக்குள் மட்டும் இருக்கலாமா? கூடாது. வெளியே, உங்கள் கையில், ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டும். பதிவேட்டில் இருப்பதுதான் உங்கள் வலையமைப்பு. சுவரில் மாட்டியிருக்கும் பெட்டி அதன் நகல். இனி வரும் ஒவ்வொரு முறையையும் இந்த நிலையிலிருந்துதான் சொல்கிறேன்.

முத்தலக்குறிச்சி வரை வந்த இழை

மையக் கட்டுப்பாடு பெரிய அளவில் எப்படி இருக்கும் என்று பார்க்க வெளியூர் போக வேண்டாம். தமிழ்நாட்டில் பாரத்நெட் இரண்டாம் கட்டப் பணியை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2022 ஜூன் 9 அன்று காணொலி வழியாகத் தொடங்கிவைத்தார். பணி தொடங்கிய இடம் தக்கலைப் பக்கத்திலுள்ள முத்தலக்குறிச்சி ஊராட்சி. மாநிலத்தின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைத்து, ஒவ்வொன்றுக்கும் 1 ஜிபிபிஎஸ் வேகம் தருவது திட்டம். மதிப்பு சுமார் 1,815 கோடி ரூபாய். நடத்துவது டான்ஃபிநெட் எனப்படும் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம். அதற்கு முன்பே எல்காட் நிறுவனம் மாநிலப் பெருவலையமைப்பின் மூலம் ஆட்சியர் அலுவலகம், வட்டாட்சியர் அலுவலகம், ஒன்றிய அலுவலகம் என்று அரசுக் கட்டடங்களை இணைத்து நடத்திவந்தது.

நம் மாவட்டத்தில் 9 ஒன்றியங்கள், 95 கிராம ஊராட்சிகள். ஊராட்சி சேவை மையத்திலோ வேறொரு அரசுக் கட்டடத்திலோ ஒரு ரேக், ஒரு ரூட்டர், ஒரு யுபிஎஸ். அவ்வளவுதான். அங்கே நெட்வொர்க் தெரிந்தவர் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை, இருக்கவும் முடியாது. கருவிக்கு மின்சாரம் போகிறதா, அறை பூட்டியிருக்கிறதா என்பதை மட்டும் உள்ளூரில் பார்த்துக்கொள்வார்கள். மற்றதெல்லாம் தொலைவிலிருந்துதான்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. முதலாவது, ஓர் இடம் இன்னோர் இடத்தைப் போலவே இருக்க வேண்டும். ஓரிடத்தில் 24ஆம் போர்ட் அப்லிங்க், இன்னோரிடத்தில் முதல் போர்ட் அப்லிங்க் என்றிருந்தால் தொலைவிலிருந்து நடத்துவது ஊகமாகிவிடும். இரண்டாவது, இந்தத் திட்டத்தில் இழையின் 85 சதவீதம் மின்கம்பங்கள் வழியாகவும் 15 சதவீதம் தரைக்கடியிலும் போகிறது. கம்பம் சாய்ந்தால் மின்சாரமும் இழையும் சேர்ந்தே போகும். அப்போது மையத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவதெல்லாம் ‘அந்த இடம் பதில் சொல்லவில்லை’ என்பது மட்டுமே. பெட்டி செத்ததா, கரண்ட் போனதா, இழை அறுந்ததா? இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லும்படி அமைத்தால்தான் அது கண்காணிப்பு. உங்கள் கல்லூரியின் விடுதிக் கட்டடத்துக்கும் இதே நியாயம்தான்.

முதலில் கணக்கெடுப்பு

எந்த மென்பொருளையும் நிறுவும் முன் நோட்டுப் புத்தகத்தோடு ஒரு சுற்று நடந்து வாருங்கள். மாடிப்படிக்கு அடியில், பொய்க்கூரைக்கு மேல், கேண்டீன் அலமாரிக்குப் பின்னால் என்று யாருக்கும் நினைவில் இல்லாத சுவிட்ச்கள் கிடைக்கும். கடைசியாகக் கிடைக்கும் அந்த எட்டு போர்ட் பிளாஸ்டிக் பெட்டிதான் அடுத்த லூப்புக்குக் காரணமாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மாடல், சீரியல் எண், ஃபர்ம்வேர் பதிப்பு, இருக்கும் இடம், எந்த மின் இணைப்பிலிருந்து ஓடுகிறது, அப்லிங்க் எங்கே போகிறது என்பவற்றை எழுதிக்கொள்ளுங்கள். நிர்வகிக்கக்கூடிய சுவிட்ச்களில் எல்எல்டிபியை இயக்கிவைத்தால் பக்கத்துப் பெட்டி யார், எந்தப் போர்ட் வழியாக என்பதை அவையே சொல்லும். அந்தப் பட்டியலும் உங்கள் நோட்டும் முரண்படும் இடத்தில் நின்று கம்பியைப் பிடித்துப் பாருங்கள்.

பிறகு பெயர். சுவிட்சுக்குள் கொடுக்கும் பெயரைப் பார்த்ததும் கட்டடம், மாடி, வேலை, வரிசை எண் நான்கும் தெரிய வேண்டும். விடுதி, இரண்டாம் மாடி, விளிம்பு (கருவிகளை நேரடியாக மாட்டும் சுவிட்ச்), 1 என்ற வரிசையைச் சுருக்கி எழுதிக்கொள்ளலாம். பொறுப்பாளர் பெயரையோ துறைத் தலைவர் பெயரையோ வைக்க வேண்டாம். ஆள் மாறுவார், பெட்டி இருக்கும். அதே பெயரைப் பெட்டியின் முகப்பிலும் ஒட்டுங்கள். சாதாரணத் தாள் ஸ்டிக்கர் நம் ஊர் ஈரத்தில் இரண்டு மழையைத் தாங்காது. லேபிள் அச்சிடும் கருவியின் பிளாஸ்டிக் நாடா நிற்கும்.

ஒவ்வொரு சுவிட்சுக்கும் நிலையான ஐபி முகவரி ஒன்று. அந்த முகவரிகள் எல்லாம் நிர்வாகத்துக்கு மட்டுமே ஒதுக்கிய விலான் ஒன்றில் இருக்கட்டும். மாணவர் கணினியிலிருந்தோ விருந்தினர் வைஃபையிலிருந்தோ அந்த விலானை எட்ட முடியக் கூடாது.

வேலையைப் பார்த்துக் குழு பிரியுங்கள்

பெரும்பாலோர் கட்டடம் வாரியாகவோ கம்பெனி வாரியாகவோ குழு பிரிக்கிறார்கள். படத்தில் பார்க்க அழகாக இருக்கும், வேலைக்கு உதவாது. முதல் கட்டடத்தின் ஆய்வகச் சுவிட்சும் மூன்றாம் கட்டடத்தின் ஆய்வகச் சுவிட்சும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டியவை. ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்து இருக்கும் அலுவலகச் சுவிட்சும் கேமராச் சுவிட்சும் அப்படி இல்லை. ஆகவே அந்தப் பெட்டி என்ன வேலை செய்கிறது என்பதுதான் குழுவின் அடிப்படை. கம்பெனி, மாடல் போன்றவை குழுவுக்குள் ஒரு குறிப்பாக இருந்தால் போதும்.

மூன்று கட்டடமும் ஒரு விடுதியும் உள்ள கல்லூரி என்று வைத்துக்கொள்வோம். இருபத்துநான்கு சுவிட்ச்கள். நடுச் சுவிட்ச் இரண்டு, கட்டடத்துக்கு ஒன்றாக விநியோகச் சுவிட்ச் நான்கு, மீதிப் பதினெட்டும் விளிம்பில். விளிம்பிலுள்ளவற்றை அலுவலகம், ஆய்வகம், விடுதி, கேமரா என்று நான்காகப் பிரிக்கலாம். விலான் எண்களும் அதே வரிசையில்: 10 அலுவலகம், 20 ஆய்வகம், 30 விடுதி, 40 கேமரா, 99 நிர்வாகம். எண் 1 முதல் 4094 வரை போகும் என்றாலும் உங்கள் தலையில் நிற்கக்கூடிய எண்களைத் தேர்ந்தெடுங்கள். 1ஆம் விலானில் எதையும் வைக்காதீர்கள். கடையிலிருந்து வந்தபடியே மாட்டப்படும் எந்தப் பெட்டியும் அதில்தான் வந்து உட்காரும்.

இனி கான்ஃபிக்கை மூன்று அடுக்காக எழுதுங்கள். அடியில் இருப்பது எல்லாச் சுவிட்சுக்கும் பொதுவானது: நேர சர்வர், லாக் எங்கே போக வேண்டும், எஸ்என்எம்பி, நுழைவு முறை, டெல்நெட்டை மூடுவது. நடுவில் இருப்பது குழுவுக்கு உரியது: எந்த விலான்கள், போர்ட்டில் எத்தனை கருவிகள் வரலாம், பிஓஇ உண்டா இல்லையா, லூப் தடுப்பு எவ்வளவு கடுமை. மேலே இருப்பது அந்த ஒரு பெட்டிக்கு மட்டுமானது: பெயர், ஐபி, அப்லிங்க் போர்ட், விதிவிலக்கு ஏதாவது இருந்தால் அது.

ஒரு வரி இரண்டு பெட்டிகளில் திரும்ப வந்தால் அதைக் குழுவுக்கு இறக்குங்கள். மேல் அடுக்கு பத்து வரிக்குள் இருந்தால் உங்கள் குழுப் பிரிவினை சரி. ஒரு பெட்டிக்கு மட்டும் ஐம்பது வரி விதிவிலக்கு சேர்ந்துவிட்டால் அந்தப் பெட்டி தவறான குழுவில் இருக்கிறது, அல்லது இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்கிறது. விதிவிலக்கு ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது ஏன் வந்தது என்று தமிழிலேயே ஒரு குறிப்பு எழுதுங்கள். தேர்வுத் துறையின் பழைய பிரிண்டருக்காக வேகத்தைக் குறைத்த போர்ட் ஒன்று இருக்கும். பிரிண்டர் போய் ஆறு ஆண்டு கழித்தும் அந்த வரி நிற்கும். குறிப்பு இருந்தால்தான் யாருக்கும் அதை நீக்கத் துணிவு வரும்.

எந்தக் கருவியால் நடத்துவது

சுவிட்ச்களைச் சேர்த்து நடத்த மூன்று வழிகள் உள்ளன. மூன்றையும் ‘குழு’ என்றே விற்பார்கள். ஆனால் அவை மூன்றும் வெவ்வேறு.

ஸ்டாக்கிங் என்பது பல பெட்டிகளைத் தனிக் கேபிளால் இணைத்து ஒரே சுவிட்ச் போல ஆக்குவது. ஒரே ஐபி, ஒரே கான்ஃபிக். பொதுவாக எட்டு, ஒன்பது பெட்டிகள் வரை சேர்க்கலாம். ஒரே ரேக்கில் அடுக்கியிருக்கும் பெட்டிகளுக்கு இது நல்லது. ஒரே கம்பெனி, பெரும்பாலும் ஒரே வரிசை மாடல்கள் வேண்டும் என்பது அதன் விலை. சில மாடல்களில் இழை வழியாகக் கட்டடம் விட்டுக் கட்டடமும் ஸ்டாக் செய்யலாம். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இடையிலுள்ள இழை அறுந்தால் இரண்டு பக்கமும் தன்னையே தலைமை என்று நினைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஒரு கட்டடத்தின் கோளாறு அடுத்த கட்டடத்தையும் இழுத்துக்கொண்டு போகும்.

இரண்டாவது, கன்ட்ரோலர். டிபி-லிங்கின் ஒமாடா, யுபிகுவிட்டியின் யுனிஃபை போன்றவை நம் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கின்றன. ஒரு சிறு கருவியிலோ கணினியிலோ கன்ட்ரோலர் ஓடும். சுவிட்சை அதில் சேர்த்துவிட்டால் திரையிலேயே விலான் பிரிக்கலாம், எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் ஃபர்ம்வேர் ஏற்றலாம். கன்ட்ரோலர் நின்றாலும் சுவிட்ச்கள் வேலை செய்துகொண்டிருக்கும், மாற்றம் மட்டும் செய்ய முடியாது. புதிதாகத் தொடங்கும் பள்ளிக்கும் கடைக்கும் நான் சொல்வது இதைத்தான். இரண்டை மட்டும் கவனியுங்கள். கன்ட்ரோலரின் பேக்கப் அந்தக் கன்ட்ரோலருக்கு வெளியே வேறிடத்திலும் இருக்க வேண்டும். ஆண்டுச் சந்தா கட்டினால்தான் நிர்வகிக்க முடியும் என்ற வகைப் பெட்டிகளை, அந்தச் சந்தாவை அடுத்த பத்தாண்டுக்கு யார் கட்டுவார் என்று தெரியாமல் வாங்க வேண்டாம்.

மூன்றாவது, எழுதிவைத்து அனுப்புவது. பல கம்பெனிச் சுவிட்ச்கள் கலந்து கிடக்கும் இடத்துக்கு இதுதான் வழி. நம் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கின்றன. அன்சிபிள் என்ற இலவச மென்பொருள் 2012இல் வந்தது. சுவிட்சுக்குள் எதையும் நிறுவ வேண்டாம்; எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து வேலையை முடித்து வெளியேறும். லினக்ஸ் ஓடும் பழைய கணினி ஒன்று போதும். சற்றுமுன் சொன்ன மூன்று அடுக்கும் அதன் கோப்பு அமைப்பில் அப்படியே உட்காரும்: எல்லோருக்கும் ஒரு கோப்பு, குழுவுக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று. இந்தக் கோப்புகளை கிட் என்ற பதிப்பு மேலாண்மை மென்பொருளில் வைத்தால் யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பது அழியாமல் நிற்கும். கற்றுக்கொள்ள ஓரிரு மாதம் பிடிக்கும். ஆனால் கற்றுக்கொண்ட பிறகு எந்தக் கம்பெனிப் பெட்டி வாங்கினாலும் உங்கள் பதிவேடு உங்களுடையதாகவே இருக்கும். கன்ட்ரோலர் அந்தச் சுதந்திரத்தைத் தராது.

இரண்டு பழைய கண்ணிகள்

சிஸ்கோ சுவிட்ச்களில் விடிபி என்றொரு வசதி உண்டு. ஒரு சுவிட்சில் விலான் சேர்த்தால் மற்றவற்றுக்கும் தானே பரவும். கேட்க இனிமையாக இருக்கும். அதன் பழைய பதிப்புகளில், எந்தச் சுவிட்சின் திருத்த எண் பெரிதோ அதன் பட்டியல்தான் செல்லும். வேறெங்கோ பயன்படுத்திக் கொண்டுவந்த பழைய சுவிட்ச் ஒன்று அதே டொமைன் பெயரும் கடவுச்சொல்லும் கொண்டிருந்து, அதன் திருத்த எண்ணும் உயர்ந்திருந்தால், மாட்டிய சில நொடிகளில் வளாகம் முழுவதிலும் விலான் பட்டியல் மாறிவிடும். எல்லாச் சுவிட்சையும் டிரான்ஸ்பேரன்ட் நிலையில் வைத்துவிடுங்கள். இன்னொரு நன்மையும் உண்டு: சர்வர் நிலையில் இருக்கும்போது விலான் பட்டியல் தனிக் கோப்பில் இருக்கும், கான்ஃபிக்கை நகலெடுத்தால் அதில் வராது. டிரான்ஸ்பேரன்ட் நிலையில் கான்ஃபிக்கிலேயே வந்துவிடும். உங்கள் பேக்கப் முழுமையாகும்.

அடுத்தது ஸ்பேனிங் ட்ரீ. லூப்பைத் தடுக்கும் இந்த முறையை ரேடியா பெர்ல்மன் 1985இல் வடிவமைத்தார். இன்றும் பெரும்பாலான வளாகங்கள் அதை நம்பித்தான் இருக்கின்றன. சுவிட்ச்கள் தங்களுக்குள் ஒரு தலைமையைத் தேர்ந்தெடுக்கும். முன்னுரிமை எண் எல்லாவற்றிலும் 32768 என்றே வரும். எண் சமமாக இருந்தால் மேக் முகவரி சிறியது எதுவோ அது தலைமை. ஒரே கம்பெனியின் பெட்டிகளில் பழையதற்குத்தான் பெரும்பாலும் சிறிய முகவரி இருக்கும். ஆக, யாரும் கவனிக்காவிட்டால், கேண்டீன் அலமாரிக்குப் பின்னால் இருக்கும் மிகப் பழைய பெட்டி வளாகத்தின் தலைமையாகிவிடும். நடுச் சுவிட்சில் 4096, அதன் துணைக்கு 8192 என்று நீங்களே எழுதுங்கள். விளிம்புக் குழுக்களில் கணினி மாட்டும் போர்ட் எல்லாவற்றுக்கும் பிபிடியு கார்டு போடுங்கள். ஆய்வகத்தில் ஒரு மாணவர் பேட்ச் கார்டின் இரு முனையையும் சுவரில் செருகினாலும் அந்தப் போர்ட் மட்டும் அணையும், வளாகம் நிற்கும்.

கட்டளையை அனுப்பும் முறை

ஒரே கட்டளையில் இருபத்துநான்கு சுவிட்சையும் மாற்ற முடியும் என்றால் ஒரே தவறில் இருபத்துநான்கையும் அணைக்கவும் முடியும். கருவியை நிறுவுவதைவிட அதை அனுப்பும் ஒழுங்கைப் பழகுவதே பெரிய வேலை.

முதலில் ஒத்திகை. அன்சிபிளில் ‘செக்’, ‘டிஃப்’ என்று இரண்டு தேர்வுகள் உண்டு. எதையும் மாற்றாமல், மாற்றினால் எந்த வரி போகும், எந்த வரி வரும் என்று காட்டும். அந்தப் பட்டியலை உரக்கப் படியுங்கள். நீங்கள் எதிர்பார்க்காத ஒரு வரி இருந்தாலும் நிறுத்துங்கள். யாரோ சுவிட்சுக்குள் நேரடியாக நுழைந்து எதையோ மாற்றியிருக்கிறார்கள். முதலில் அதைப் பதிவேட்டுக்குக் கொண்டுவாருங்கள் அல்லது தவறென்று முடிவெடுங்கள்.

பிறகு ஒரே ஒரு பெட்டி. ‘லிமிட்’ போட்டு, குறைந்த ஆள் புழங்கும் சுவிட்சில் மாற்றத்தைச் செய்து ஒரு நாள் விடுங்கள். அடுத்து ஒரு குழு. குழுவுக்குள்ளும் ‘சீரியல்’ வைத்து இரண்டிரண்டாக அனுப்புங்கள். அந்த இரண்டும் தவறினால் மற்றவற்றைத் தொடாமல் நிற்கும். நடுச் சுவிட்சுக்கு எப்போதும் கடைசி இடம், அதுவும் ஆள் பக்கத்தில் இருக்கும்போது.

அப்லிங்க்கையோ நிர்வாக விலானையோ மாற்றும்போது வரிசை உயிர்நாடி. நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கன்னிப்பூப் பயிருக்குப் பேச்சிப்பாறைத் தண்ணீர் திறக்கும் முன் கால்வாயைக் கடைவரம்பு வரை தூர்வாரி முடித்திருக்க வேண்டும். தலைமடையைத் திறந்துவிட்டுக் கீழே மண்வெட்டியோடு ஓடுவதில் பயனில்லை. இங்கும் கடைசிச் சுவிட்சில் தொடங்கி நடுவை நோக்கி வாருங்கள். தொலைவிலுள்ளதை மாற்றியதும் அதன் தொடர்பு அறுந்துபோகும். பரவாயில்லை, அது காத்திருக்கும். இந்தப் பக்கத்தை மாற்றியதும் சேர்ந்துவிடும். இந்தப் பக்கத்தை முதலில் மாற்றினால் அந்தப் பக்கத்தை எட்ட வழியே இல்லை. பைக்கை எடுக்க வேண்டியதுதான்.

தவறினால் தானே பழைய நிலைக்குத் திரும்பும் ஏற்பாட்டைப் பூட்டாமல் எந்த மாற்றத்தையும் தொடங்காதீர்கள். சிஸ்கோவில் ‘ரீலோட் இன் 10’ என்று முதலில் கொடுத்தால் பத்து நிமிடத்தில் பெட்டி மறுபடி எழும். நீங்கள் புதிய கான்ஃபிக்கைச் சேமித்திருக்காவிட்டால் பழையதோடு எழும். எல்லாம் சரி என்றால் ரீலோடை ரத்து செய்துவிட்டுச் சேமியுங்கள். வரிசை மாறக் கூடாது. ஜூனிப்பரில் ‘கமிட் கன்ஃபர்ம்டு’ இன்னும் நேர்த்தி: குறித்த நேரத்துக்குள், சொல்லாவிட்டால் பத்து நிமிடத்துக்குள், நீங்கள் உறுதிசெய்யாவிட்டால் பெட்டியை அணைக்காமலே பழையதற்குப் போய்விடும். உள்ளூர் இணைய சேவையாளர்கள் அதிகம் வைத்திருக்கும் மைக்ரோடிக்கில் சேஃப் மோட் உண்டு. உங்கள் தொடர்பு அறுந்தால் அந்த அமர்வில் செய்ததெல்லாம் கலைந்துவிடும். விலை குறைந்த சுவிட்ச்கள் பலவற்றில் இப்படி எதுவுமே இல்லை. அவற்றை வாங்கும் முன் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

மழைக்காலத்தில் ஃபர்ம்வேர் ஏற்ற வேண்டாம். ஏற்றும் நடுவில் கரண்ட் போனால் சில பெட்டிகள் எழவே எழாது. நம் மாவட்டத்தில் அதற்கு ஏற்றது மாசி, பங்குனி.

இடியும் உப்பும்

கட்டடம் விட்டுக் கட்டடம் செம்புக் கேபிள் இழுக்காதீர்கள். நூறு மீட்டர் வரை போகும் என்பது அதன் எல்லை, அனுமதி அல்ல. பக்கத்தில் இடி விழும்போது இரு கட்டடங்களின் எர்த்துக்கும் இடையே எழும் மின்னழுத்த வேறுபாடு அந்தக் கேபிள் வழியாகப் பாய்ந்து இரு முனைப் பெட்டிகளையும் எரிக்கும். ஆறு கோர் இழை இன்றைக்கு எட்டாத விலை அல்ல. கேபிளைத் தாங்கும் எஃகுக் கம்பி இல்லாத, முழுக்க உலோகமற்ற இழையாகக் கேட்டு வாங்குங்கள். வெளியே கம்பத்தில் நிற்கும் கேமராவுக்குச் செம்பு தவிர்க்க முடியாது. அவற்றையெல்லாம் கேமராக் குழுவின் தனிச் சுவிட்சில் சேர்த்து, சர்ஜ் தடுப்பானோடு, நடுவுக்கு இழை வழியாக மட்டும் இணைத்துவிடுங்கள். இடி விழுந்தால் அந்த ஒரு பெட்டியோடு நிற்கும். குழு பிரிப்பது கான்ஃபிக்குக்கு மட்டுமல்ல, இழப்பை எல்லை கட்டுவதற்கும்தான்.

கரையோரக் கட்டடங்களில் செம்பு முனைகள் பச்சை பிடித்து, போர்ட் விழுந்து விழுந்து எழும். எந்தப் போர்ட்டில் பிழை எண்ணிக்கை ஏறுகிறது என்று எஸ்என்எம்பி வழியாக வாரம் ஒருமுறை வரிசைப்படுத்திப் பாருங்கள். மாற்ற வேண்டிய பேட்ச் கார்டுகளின் பட்டியல் அதுவே. லிப்ரே என்எம்எஸ், ஜாபிக்ஸ் இரண்டும் இலவசம். இரண்டும் இந்த வேலையைச் செய்யும். எஸ்என்எம்பியில் மூன்றாம் பதிப்பையே பயன்படுத்துங்கள், முந்தையவை கடவுச்சொல்லைத் திறந்தே அனுப்பும்.

விளிம்புச் சுவிட்ச்கள் பலவற்றில் கடிகாரத்துக்கு பேட்டரி இல்லை. கரண்ட் போய் வந்ததும் சிஸ்கோவின் பழைய பெட்டிகள் 1993 மார்ச் 1 என்று லாக் எழுதத் தொடங்கும். நடுச் சுவிட்சையே நேர சர்வராக்கி மற்றவற்றை அதைப் பார்க்கச் சொல்லுங்கள். எது முதலில் விழுந்தது என்று லாக் பார்த்துத்தான் சொல்ல முடியும். கண்காணிப்பில் யார் யாருக்குப் பின்னால் இருக்கிறார்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். விநியோகச் சுவிட்ச் விழுந்தால் அதற்குப் பின்னாலிருக்கும் ஐந்துக்கும் தனித்தனி எச்சரிக்கை வரக் கூடாது. யுபிஎஸ்களையும் அதே திரையில் சேருங்கள். யுபிஎஸ் ‘பேட்டரியில் ஓடுகிறேன்’ என்று சொல்லி, சற்றுக் கழித்துச் சுவிட்சோடு சேர்ந்து அடங்கினால் அது மின்சாரம். யுபிஎஸ்ஸின் முன்னறிவிப்பே இல்லாமல் சுவிட்ச் அடங்கினால் அது பெட்டி அல்லது இழை.

சாவி யார் கையில்

ஆளுக்கொரு பயனர் கணக்கு. ரேடியஸ் சர்வர் ஒன்றிலிருந்து எல்லாச் சுவிட்சுக்கும் நுழைவு. அந்தச் சர்வரை எட்ட முடியாத நாளுக்காக மட்டும் பெட்டிக்குள் ஒரு கணக்கு. அதன் கடவுச்சொல்லைப் பூட்டிய உறையில் முதல்வரிடமோ நிர்வாக அதிகாரியிடமோ கொடுத்துவையுங்கள். ஒருவர் வேலையை விட்டுப் போகும் நாளில் ஒரே இடத்தில் ஒரு கணக்கை மூடினால் போதும் என்றிருக்க வேண்டும். பதிவேட்டுக் கோப்புகளில் கடவுச்சொல்லைத் திறந்தபடி எழுதாதீர்கள். அன்சிபிளில் அதற்கென்றே வால்ட் இருக்கிறது.

பெட்டி மாற்றும் நாள்

இதற்காகத்தான் மேலே சொன்ன அத்தனையும். இரவுதோறும் ஆக்ஸிடைஸ்டு போன்ற மென்பொருள் எல்லாச் சுவிட்சின் கான்ஃபிக்கையும் எடுத்து, முந்தைய நாளோடு ஒப்பிட்டுச் சேமிக்கட்டும். நகல் ஒன்று வளாகத்துக்கு வெளியே, முடிந்தால் மாவட்டத்துக்கு வெளியே இருக்கட்டும். ஒக்கி போன்ற ஒன்று வரும்போது ஒரே ஊரிலுள்ள இரண்டு நகலும் ஒரே இருட்டில்தான் இருக்கும். விளிம்புக்கு ஒரு மாடல் என்று முடிவுசெய்து, அதில் உதிரி ஒன்றை அடிப்படைக் கான்ஃபிக் ஏற்றி அலமாரியில் வையுங்கள். ஃபர்ம்வேர் கோப்பையும் பதிவேட்டோடு சேர்த்து வையுங்கள். தேவைப்படும் நாளில் இணையம் இருக்காது.

இடி விழுந்த மறுநாள் காலை நீங்கள் திருநெல்வேலியில் இருக்கலாம். வளாகத்தில் இருப்பது விடுதிக் காப்பாளர் மட்டும். தொலைபேசியில் பேச்சு இப்படிப் போக வேண்டும்:

“அக்கா, அலமாரியில மேல் தட்டுல ஒரு புதுப் பெட்டி இருக்கும். பழைய பெட்டில மாட்டியிருக்க ஒவ்வொரு வயர்லயும் ஒரு நம்பர் ஒட்டியிருக்கா?”

“இருக்கு தம்பி. ஒண்ணுல இருந்து இருபத்திநாலு வரைக்கும். மஞ்சள் வயர் ரெண்டு தனியா இருக்கு.”

“மஞ்சள மட்டும் மெதுவா, வளைக்காம எடுங்க. புதுசுல அதே எடத்துல மொதல்ல அதச் சொருகுங்க. அப்புறம் கரண்ட். மத்த வயரெல்லாம் நம்பர் பாத்து ஒண்ணொண்ணா.”

இந்தச் சில வாக்கியங்களுக்குள் வேலை முடிய வேண்டும் என்றால், கேபிளின் இரு முனையிலும் எண் இருக்க வேண்டும், அப்லிங்க் இழை எல்லா இடத்திலும் ஒரே நிறத்தில் ஒரே போர்ட்டில் இருக்க வேண்டும், உதிரிப் பெட்டி நிர்வாக விலானில் எழுந்து நிற்க வேண்டும். புதிய பெட்டி தெரிந்ததும் பழைய பெட்டியின் பெயரையும் ஐபியையும் அதற்கே கொடுத்து, அந்த ஒன்றுக்கு மட்டும் பதிவேட்டிலிருந்து கான்ஃபிக்கை அனுப்புங்கள்.

ஆண்டுக்கொரு முறை, தென்மேற்குப் பருவம் தொடங்கும் முன், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் விளிம்புச் சுவிட்ச் ஒன்றை விடுமுறை நாளில் கழற்றி இதை ஒத்திகை பாருங்கள். அரை மணி நேரத்தில் முடியாவிட்டால் எங்கே தடைபட்டது என்று எழுதிவைத்துச் சரிசெய்யுங்கள். ஒத்திகை முடிந்ததும் புதிய சீரியல் எண்ணைப் பதிவேட்டில் ஏற்றி, கழற்றியதை முழுக்க அழித்து, அடிப்படைக் கான்ஃபிக் போட்டு, அடுத்த உதிரியாக அதே தட்டில் வைத்துவிடுங்கள்.